எட்டுக்கைக்காரனும் என் பெரியப்பாவும்

எங்கள் தெருவில் முதல் மின்சார விளக்கு எரிந்த சாயங்காலம், கம்பத்தடியில் திருவிழாக் கூட்டம் போலச் சனம் நின்றது. விளக்கு குப்பென்று எரிந்ததும் பிள்ளைகள் கத்தினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். ஒரு கிழவர் விளக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் பெரியப்பா குடையைக் கக்கத்தில் இடுக்கியபடி அண்ணாந்து பார்த்தார். கம்பத்தை ஒருமுறை சுற்றி வந்து மறுபடியும் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?" என்றார்.

கூட்டம் அதோடு கலைந்துவிட்டது. "வெளக்கு எரியாமலே போயிருந்தாக்கூடச் சனத்துக்கு அம்புட்டு ஏமாத்தம் இருந்திருக்காது" என்று என் அப்பா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியப்பா என் அம்மாவின் அக்காவைக் கட்டியவர். அலங்காநல்லூர்ப் பக்கம் தோட்டம் இருந்தது. மதுரைக் கீழமாசி வீதியில் தானிய மண்டி வைத்திருந்தார். பெயர்ப்பலகை எல்லாம் இருந்தும் யாரும் அதைச் சொல்லி வழி கேட்டதில்லை. "இம்புட்டுத்தானா மண்டி எங்க இருக்கு?" என்றால் ஜட்கா வண்டிக்காரன் நேரே கொண்டுவந்து இறக்கிவிடுவான்.

இந்தச் சொல் அவருக்கு எப்படி ஒட்டிக்கொண்டது என்பதை நான் மண்டியில் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். எழுமலையிலிருந்து ஒருவர் சோளம் கொண்டுவந்திருப்பார். முத்து முத்தாக நல்ல சோளம். பெரியப்பா மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுப்பார். ஒன்றைக் கடிப்பார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தால், சொந்த வீடு தீப்பிடித்து எரிவதை எதிர்ச்சாரியில் நின்று பார்ப்பவர் போல இருக்கும். அந்த முகத்தைத் தாங்க முடியாமல் சோளக்காரரே விலையைக் குறைத்துவிடுவார்.

"புடிச்சிருக்குன்னு மூஞ்சியில காட்டுனா அம்புட்டுத்தேன், வெலை ஏறிரும்" என்று ஒரு தடவை எனக்குத் தனியாகச் சொன்னார்.

வியாபாரத்துக்கு அது சரிதான். ஆனால் சாயங்காலம் மண்டியைப் பூட்டிவிட்டு வரும்போது அந்த முகத்தையும் அங்கேயே வைத்துப் பூட்டிவிட்டு வர அவருக்குத் தெரியவில்லை. அது வீட்டுக்கும் வந்தது, கோயிலுக்கும் வந்தது, கல்யாண வீடுகளுக்கும் வந்தது. தோட்டத்தில் கிணறு வெட்டி, பாறையைத் துளைத்து, கடைசியில் தண்ணீர் பீறிட்ட அன்று, கிணறு வெட்டியவர் மேலே ஏறி வந்து கைகூப்பி நின்றார். பெரியப்பா கிணற்றுக்குள் குனிந்து பார்த்து அதே 'இம்புட்டுத்தானா?'வைச் சொன்னார். அந்த மனிதர் மண்ணில் உட்கார்ந்து அழுதேவிட்டார். அன்றைக்கே அவருக்குப் புது வேட்டியும் துண்டும் எடுத்துக் கொடுத்து, குடும்பத்தையே அழைத்து இலை போட்டதும் பெரியப்பாதான். அவருடைய கை எப்போதும் தாராளந்தான். வாய்தான் எதையும் நல்லது என்று ஒப்புக்கொள்ளாது.

பெண் பார்க்கப் போன இடத்தில், பெரியம்மா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வந்து நின்றபோதும் சொன்னாராம். வெற்றிலையைச் சொன்னாரா, பெண்ணைச் சொன்னாரா என்று பெரியம்மா கேட்காத நாளில்லை. "பழசைக் கெளறாத" என்பார். ஆறு பிள்ளைகள் பிறந்த பிறகும் அவருக்கு அதற்கு ஒரு பதில் சொல்லத் தோன்றவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது, கடைசிப் பெண் மீனாட்சிக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும்வரை. மூத்தவர்களுக்கெல்லாம் சொந்தத்திலேயே முடிந்துவிட்டது. மீனாட்சிக்கு மட்டும் சொந்தத்தில் தோதாக யாரும் இல்லை. வெளியே தேடியபோதுதான் வினை வந்தது. திண்டுக்கல்லில் ஒரு இடம். மாப்பிள்ளையின் அப்பா புதிதாக மாடி வீடு கட்டியிருந்தார். பெரியப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் மொட்டை மாடிவரை காட்டினார். பெரியப்பா மேலே நின்று நாலு பக்கமும் பார்த்தார். பிறகு வழக்கம்போலச் சொன்னார். அந்த வீட்டிலிருந்து பதிலே வரவில்லை. இன்னொரு இடத்தில் மாப்பிள்ளை ஆர்மோனியம் வாசித்துக் காட்டினான். பாட்டு முடிந்ததும் எல்லாரும் பெரியப்பா முகத்தைப் பார்த்தார்கள். அதுவும் போயிற்று. வாடிப்பட்டியில் ஒரு இடம், சோழவந்தானில் ஒரு இடம் என்று ஒவ்வொன்றாக நழுவின. மீனாட்சிக்கு இருபத்தொன்று முடிந்துவிட்டது. அந்தக் காலத்தில் அது ஊர் வாயில் விழுகிற வயது.

நான் சென்னையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். லீவில் ஊருக்குப் போயிருந்தபோது மீனாட்சி அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணே, எனக்கு அழகான மாப்பிள்ளை வேணாம், பணக்கார மாப்பிள்ளையும் வேணாம். எங்கப்பா சொல்றதைக் கேட்டுட்டு ஓடாத மாப்பிள்ளையா ஒண்ணு இருந்தாப் பாரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் முறத்தைவிட்டு முகத்தைத் தூக்கவில்லை.

அப்போதுதான் எனக்குக் கதிரேசன் நினைவு வந்தது. திருவல்லிக்கேணியில் என் அறைக்கு அடுத்த வீட்டில் அம்மாவோடு குடியிருந்தான். பூர்வீகம் எங்கள் பக்கம்தான். அப்பா இல்லை. பி.ஏ. படித்துவிட்டுக் கடற்கரையில் இருந்த மீன் காட்சிசாலையில் வேலை பார்த்தான். மனிதர்களோடு பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மீனைப் பற்றிப் பேசச் சொன்னால் சோறு தண்ணி மறந்துவிடுவான். பெண்ணின் பெயர் மீனாட்சி என்று நான் சொன்னதும் அவன் காது மடல் சிவந்துபோயிற்று.

பெரியப்பாவும் பெரியம்மாவும் சென்னைக்கு ரயிலேறி வந்தார்கள். எழும்பூரிலிருந்து வண்டியில் வரும்போதே விசாரணை தொடங்கிவிட்டது.

"மாப்பிள்ளை மீன் புடிக்கிறாரா?"

"இல்ல பெரியப்பா."

"விக்கிறாரா?"

"இல்ல."

"திங்கவாச்சும் செய்யிறாரா?"

"இந்த வேலைக்கு வந்ததுலேர்ந்து மீன் சாப்பிடுறதை விட்டுட்டாராம்."

பெரியப்பா என் பக்கம் நன்றாகத் திரும்பிக்கொண்டார். "பெறகு மீனை வச்சுக்கிட்டு என்னதேன் பண்றாரு?"

"பாத்துக்கிறாரு."

"பாத்துக்கிறதுக்குச் சம்பளம் குடுக்குறாகளா?" என்று கேட்டுவிட்டு, சென்னை நகரத்தையே ஒரு பார்வை பார்த்தார்.

மறுநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கடற்கரைக்குக் கிளம்பினோம். பெரியப்பாவும் பெரியம்மாவும் அதுவரை கடலையே பார்த்ததில்லை. மணலில் கால் வைத்ததும் பெரியம்மா "ஆத்தாடி!" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். அலை எழும்பி எழும்பி விழுந்தது. பெரியப்பா குடையை மணலில் ஊன்றி நின்றார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இம்புட்டுத்தானா?"

"பெரியப்பா, இது கடல்!"

"தெரியுது. அந்தாக்குல வானம் மறிச்சிருச்சே. அதுக்கு மேல ஒண்ணுமில்லையே."

காட்சிசாலை வாசலில் கதிரேசன் வெள்ளைச் சட்டையில் காத்திருந்தான். கும்பிடுவதற்காகத் தூக்கிய கைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவசரத்தில் துடைக்க மறந்திருக்கிறான். "வாங்க" என்பதற்கே மூன்று முயற்சி செய்தான்.

உள்ளே அரையிருட்டு. நடைபாதையின் இரண்டு பக்கமும் சுவரில் பெரிய பெரிய கண்ணாடிகள் பதித்திருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் கடல் தண்ணீர். வெளிச்சம் முழுவதும் அந்தத் தண்ணீருக்குள்ளிருந்தே வந்தது. மஞ்சளும் நீலமுமாக மீன்கள் கூட்டமாகத் திரும்பும்போது, யாரோ பட்டுப்புடவையை உதறிக் காட்டுவதுபோல இருக்கும். கடலிலிருந்து குழாய் வழியாக இயந்திரம் தண்ணீரை இழுத்துவந்து தொட்டி தொட்டியாக விடுகிறது என்று கதிரேசன் சொன்னான். அந்த நாளில் அப்படியொரு நவீனமான இடத்தைத் தென்னாட்டில் வேறெங்கும் பார்க்க முடியாது.

பெரியப்பா முதல் தொட்டியைப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?"

போச்சு என்று நினைத்தேன். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் கதிரேசன் முகம் சுருங்கவில்லை. மாறாக, அதில் ஒரு வெளிச்சம் வந்தது.

"இல்லைங்க ஐயா, இன்னும் இருக்கு. இப்படி வாங்க" என்றான்.

என் பெரியப்பா வாழ்க்கையில் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதில்லை. கேட்டவர்கள் கோபித்துக்கொண்டார்கள், அழுதார்கள், விலையைக் குறைத்தார்கள். அது ஒரு கேள்வி என்று எடுத்துக்கொண்ட முதல் ஆள் கதிரேசன்தான். பெரியப்பா குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் பின்னால் போனார்.

அடுத்த தொட்டியில் பாம்பு போல நீண்ட ஒரு மீன் கல் இடுக்கிலிருந்து தலையை நீட்டி வாயைத் திறந்து மூடியது. "இம்புட்டுத்தானா?" "இல்லைங்க, இன்னும் இருக்கு." அதற்கடுத்ததில் ஒரு மீன் ஊதிப் பெருத்து உடம்பெல்லாம் முள்ளாக நின்றது. "இம்புட்டுத்தானா?" "வாங்க, இன்னும் இருக்கு." இருவரும் சளைக்கவில்லை. ஒருவர் கேட்கக் கேட்க மற்றவன் உற்சாகமானான். நானும் பெரியம்மாவும் கால் கடுக்கப் பின்னால் நடந்தோம்.

ஒரு கட்டத்தில் பெரியப்பா வேறு வழியில் தாக்கினார். "தம்பி, மீனைக் கொடியில வச்சு ஆண்ட ஊரு எங்க ஊரு. எங்ககிட்டயே மீனைக் காட்டுறீகளா?"

"ஆமாங்க ஐயா" என்று கதிரேசன் பக்தியோடு தலையாட்டினான்.

நாலு தொட்டி தள்ளி அதே பெருமையோடு, "எங்க பொற்றாமரைக் கொளத்துல ஒத்த மீன் கெடையாது, தெரியுமா?" என்றார்.

கதிரேசன் அப்படியே நின்றுவிட்டான். "ஒண்ணுகூட இல்லீங்களா? ஏனுங்க?"

"சாமி குடுத்த வரம்."

"அதை ஒரு நாள் நான் வந்து பார்க்கணுங்க" என்றான். மீன் இல்லாத குளத்தையும் ஆசையாகப் பார்க்க நினைக்கிற ஒருவனை என்ன செய்வது என்று பெரியப்பாவுக்குத் தெரியவில்லை. மீசையை மட்டும் தடவிக்கொண்டார்.

கடல்குதிரைத் தொட்டியில்தான் பெரியம்மா விழித்துக்கொண்டாள். விரல் நீளத்தில் குதிரைத் தலையோடு ஒன்று, வாலைப் பாசியில் சுற்றிக்கொண்டு நின்றது. வயிறு உப்பியிருந்தது.

"இது ஆணுங்கம்மா. இதுலே ஆண்தான் பிள்ளையைச் சுமந்து பெத்துக்கும்" என்றான் கதிரேசன்.

பெரியம்மா கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்தாள். "ஆம்பளையா? நெசமாவா தம்பி?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, திரும்பி, "இந்தாங்க, இங்கிட்டு வாங்க. வந்து நல்லாப் பாருங்க" என்றாள்.

பெரியப்பா பார்த்தார். "இம்புட்டுத்தானா?"

"இம்புட்டா இருந்துக்கிட்டு அது பெத்துக்கிருது. அம்புட்டு ஒசரம் வளந்து நீங்க என்னத்தைச் செஞ்சீக?"

பக்கத்தில் நின்ற யாரோ சிரித்துவிட்டார்கள். பெரியப்பா விறைத்துப்போய், "எல்லாம் முடிஞ்சுதா?" என்று கதிரேசனிடம் அதட்டலாகக் கேட்டார். காட்டவேண்டியதெல்லாம் காட்டியாகிவிட்டது. ஆனால் கதிரேசனால் முடிந்தது என்று சொல்ல முடியவில்லை. "பின்பக்கமும் இருக்குங்க. எல்லாரையும் விட மாட்டோம். நீங்க வாங்க" என்றான்.

பின்பக்கம் ஒரு சின்னப் படி ஏறினால் தொட்டிகளின் மேல்புறம். மேலே மூடியில்லாமல் திறந்திருந்தன. குழாய்களில் தண்ணீர் விழும் சத்தம், உப்பு வாடை, வழுக்கும் பலகை. ஒரு தொட்டியைக் காட்டி, "இதுலே பேய்க்கணவாய் இருக்குங்க. எட்டுக் கை. நம்ம இருக்கிறதுலேயே இதுதான் புத்திசாலி" என்றான்.

தண்ணீர் கருத்துக் கிடந்தது. ஒன்றும் தெரியவில்லை. தோட்டத்தில் கிணறு வைத்திருப்பவர் அல்லவா, பெரியப்பாவுக்கு வேறு சந்தேகம் வந்தது. "ஆழம் எம்புட்டு?" என்று கேட்டுக்கொண்டே குடையைத் தண்ணீருக்குள் விட்டார்.

குடையை வெளியே எடுக்க முடியவில்லை.

முதலில் எதிலோ மாட்டிக்கொண்டது என்றுதான் நினைத்தார். இழுத்தார். குடையோடு சேர்ந்து, வட்ட வட்டமாக உறிஞ்சிகள் பதித்த ஒரு கை மேலே வந்தது. அதைத் தொடர்ந்து இன்னொன்று வந்து குடைக்கம்பியைச் சுற்றியது. பெரியம்மா போட்ட கூச்சல் முன்பக்கம்வரை கேட்டிருக்கும். நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். மூட்டை தூக்கிப் பழகிய கை பெரியப்பாவுடையது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். அதுவும் விடவில்லை. சாம்பல் நிறத்தில் இருந்தது செக்கச்செவேலென்று மாறியது.

"இழுக்காதீங்க! இழுக்காதீங்க ஐயா! அதுக்குக் கை வலிக்கும்!" என்று கதிரேசன் கத்தினான்.

"எனக்கு வலிக்கலையா?" என்று பெரியப்பா திருப்பிக் கத்தினார்.

அதே சமயம் தண்ணீருக்குள்ளிருந்து பீய்ச்சாங்குழல் போல உப்புத் தண்ணீர் பறந்து வந்து பெரியப்பாவின் நெற்றியில் அடித்தது. தலைப்பாகை நழுவிக் காதில் தொங்கியது. மீசை வழியாகத் தண்ணீர் வடிந்தது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை. யாருமே பார்த்ததில்லை.

கதிரேசன் சட்டையோடு தோள்வரை கையைத் தண்ணீரில் விட்டான். பதற்றம் எல்லாம் எங்கோ போய், தொட்டிலாட்டுகிறவன் குரலில் பேசினான். "விடு... விட்ரு ராசா. ஒண்ணும் செய்ய மாட்டாரு. நம்ம மாமாதான்... நம்ம மாமாதாண்டா, விட்ரு." ஒவ்வொரு கையாகத் தடவித் தடவி விடுவித்தான். கடைசிக் கை போகும்போது பெரியப்பாவின் மணிக்கட்டை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனது.

குடையில் இரண்டு கம்பி வளைந்திருந்தது. பெரியப்பா பலகையில் உட்கார்ந்தார். வழக்கமாகச் சொல்வதைக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அங்கிருந்து கதிரேசன் வீட்டுக்குப் போனோம். அவன் அம்மா கேசரியும் வடையும் செய்து வைத்திருந்தாள். ஈரத் தலையோடு பெரியப்பா சாப்பிட்டார். அந்த அம்மாள் தயங்கித் தயங்கி, "உங்க மனசுக்குச் சம்மதமாங்க?" என்று கேட்டாள். பெரியப்பா தண்ணீர் குடித்தார், துண்டால் வாயைத் துடைத்தார், எழுந்துவிட்டார். கதிரேசன் தலை குனிந்தபடி குடையைச் சரிசெய்து தருவதாகச் சொல்லி வாங்க வந்தான். "வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

என் அறைக்கு வந்ததும் பெரியம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். "அந்தப் பிள்ளை தங்கமா இருக்கான். இந்த மனுசன் வாயிலேர்ந்து ஒரு நல்ல வார்த்தை வராதே. எம்பொண்ணு கன்னியாவே கெடக்கப் போறா." பெரியப்பா வளைந்த குடைக்கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் எழுந்தபோது பெரியப்பாவைக் காணோம். குடையையும் காணோம். கோபித்துக்கொண்டு தனியாக ரயிலேறிவிட்டார் என்று பெரியம்மா முடிவு கட்டினாள். ஊர் தெரியாத மனிதர், எங்கே போய்த் தேடுவது? துணைக்குக் கதிரேசனையும் அழைத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனால், அவன் வேலைக்குப் போய்விட்டிருந்தான். காட்சிசாலைக்கு ஓடினோம். அப்போதுதான் கதவைத் திறந்திருந்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் அந்தக் குரல் கேட்டது. எட்டுக்கைக்காரன் தொட்டிக்கு எதிரே பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்தார் நாலைந்து பேர் அவரைச் சுற்றி நின்றார்கள். வளைந்த குடையால் கண்ணாடியைச் சுட்டிக்காட்டி அவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மொத்தம் எட்டுக் கை. நல்லா எண்ணிக்கங்க. அந்தா ஒரு குழாய் தெரியுதுல்ல? அதுலதேன் தண்ணியப் பீச்சும். கோவம் வந்தா நெறம் மாறிரும். புத்தி சாஸ்தி."

கிராமத்தாரில் ஒருவர் நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு, "இத்தத் திங்கலாங்களா?" என்றார்.

பெரியப்பாவின் மீசை துடித்தது. "திங்கிறதா? என்னய்யா பேச்சுப் பேசுறீரு? எங்க மாப்பிள்ளை கையால ஊட்டி வளக்குறாருய்யா இதை!"

எங்களுக்குப் பின்னால் படாரென்று சத்தம். கணவாய்க்குத் தீனியாக நண்டு கொண்டுவந்த கதிரேசன் வாளியைக் கீழே போட்டுவிட்டான். நண்டுகள் நாலா பக்கமும் ஓடின. கிராமத்தார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துள்ளினார்கள். பெரியம்மா நண்டையும் பார்க்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்து உலுக்கி, "மாப்பிள்ளைன்னா சொன்னாரு? எங் காதுல சரியாத்தானே விழுந்துச்சு? மாப்பிள்ளைன்னுதானே சொன்னாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பெரியப்பா குனிந்து, குடையால் நண்டுகளை வாளிப் பக்கம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஊருக்குப் போய் மீனாட்சியிடம் எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். "அப்பா 'இம்புட்டுத்தானா'ன்னு கேட்டப்ப அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். "இன்னும் இருக்குன்னு சொன்னாரு" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம்.

அதற்குப் பிறகு பெரியப்பா வருஷத்துக்கு ஒருமுறை சென்னைக்கு வந்தார். பேரப்பிள்ளையைப் பார்க்க என்று பெயர். வண்டியை விட்டு இறங்கியதும், "எட்டுக்கைக்காரன் சௌக்கியமா?" என்றுதான் முதலில் கேட்பார். "சௌக்கியமா இருக்கான் மாமா" என்பான் கதிரேசன். கணவாய்க்கு ஆயுசு கொஞ்சம் என்பதும், முதலில் குடையைப் பிடித்தது எப்போதோ செத்துப் போய், அந்தத் தொட்டியில் ஆள் மாறிக்கொண்டே இருந்ததும் எனக்கும் மீனாட்சிக்கும் தெரியும். பெரியப்பா அந்தந்த வருஷத்துக் கணவாயிடம், "நெனப்பு இருக்கா?" என்று விசாரித்துவிட்டு வருவார்.

பிறகு ஜப்பான்காரன் சண்டை வந்தது. சென்னை மேல் குண்டு விழப்போகிறது என்று ஊரே மூட்டை கட்டியது. காட்சிசாலையை மூடிவிட்டு, உயிரோடு இருந்ததையெல்லாம் கடலில் விட்டுவிட்டார்கள். கதிரேசன் மீனாட்சியையும் பிள்ளையையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்து சேர்ந்தான். திண்டாடிப் போயிருந்தான். மீன் இல்லாமல் பொழுதை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"சும்மா இருக்க வேணாம் மாப்பிள்ளை, மண்டிக்கு வாங்க" என்று பெரியப்பா கூப்பிட்டு உட்கார வைத்தார். அதைப் போல ஒரு நஷ்டம் அந்த மண்டிக்கு வந்ததில்லை. எழுமலைக்காரர் மூட்டையை அவிழ்ப்பார். பெரியப்பா ஒரு பிடி எடுத்து, வீடு எரிகிற முகத்தைத் தயார் செய்வார். அதற்குள் பக்கத்திலிருந்து கதிரேசன், "ஆகா! என்ன அருமையான சோளம்! மாமா, ஒவ்வொண்ணும் முத்து மாதிரி இருக்கு பாருங்க!" என்பான். எழுமலைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். விலை ஏறிவிடும். பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு அந்த விலையைக் கொடுப்பார். மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆனால் வரத்து இல்லாத நேரங்களில் கதிரேசன் வீதியைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பதையும் அவர் கவனித்துக்கொண்டிருந்தார். மீனாட்சியும் ஒரு நாள் சொன்னாள்: "இவரு ராத்திரிச் சோத்தைக்கூடத் தள்ளி வச்சுட்டு எந்திரிச்சிர்றாருப்பா."

ஒரு நாள் படத்துக்குக் கண்ணாடி போடுகிறவரைப் பெரியப்பா மண்டிக்குக் கூட்டிவந்தார். அளவெடுத்தார்கள். சில நாளில் கல்லாப்பெட்டிக்கு எதிரே, மரச்சட்டமும் கண்ணாடியுமாக ஆள் உயரத்துக்கு ஒரு தொட்டி எழும்பியது. வைகையிலிருந்து அயிரையும் கெளுத்தியும் குரவையும் குடத்தில் கொண்டுவரச் செய்து உள்ளே விட்டார். மதுரைக்காரர்கள் குழம்பில் மட்டுமே பார்த்த மீன்கள். கீழமாசி வீதியே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. "அண்ணே, மண்டியில மீனு வியாபாரமா?" என்று கேலி செய்தவர்களைப் பெரியப்பா விலக்கி மாப்பிள்ளைக்கு வழி விட்டார். கதிரேசன் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றான். அயிரை எப்படி மணலுக்குள் முகத்தைப் புதைக்கிறது என்று மெல்லச் சொல்ல ஆரம்பித்தான். நாக்கு ஒட்டவில்லை. சாயங்காலம்வரை பேசினான்.

தொட்டி மூன்றாம் நாளே ஒழுகத் தொடங்கியது. அரக்கு வைத்தும் நிற்கவில்லை, தார் வைத்தும் நிற்கவில்லை. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் கசிந்தது. நான் ஊருக்கு வந்து மண்டிக்குப் போயிருந்த அன்று, தண்ணீர் தரையோடு ஓடி நெல் மூட்டைகளின் அடியை நனைத்துக்கொண்டிருந்தது. சுமை தூக்குகிறவர்கள் பதறிப்போய், "அண்ணே, தொட்டியைத் தூக்கி வெளிய வச்சிருவமா?" என்று கேட்டார்கள்.

பெரியப்பா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். தொட்டிக்கு முன்னால் கதிரேசன் யாரோ ஒரு உசிலம்பட்டிக்காரருக்குக் கெளுத்தியின் மீசையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"மூட்டைய நகத்துங்கடா" என்றார்.